வரிசையை விற்றுவிட்டார்கள்

டிஸ்னிலேண்டில் ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற படகுச் சவாரி போய், அதே மலையில் டியானாஸ் பையூ அட்வெஞ்சர் வந்திருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். ‘மாற்றியது சரி, மாற்றிய விதம் பாதிதான் சரி’ என்பது அதன் சாரம். மாமியார் மருமகள் விவகாரம், பிள்ளைகளின் கல்லூரி, மூட்டுவலி என்று எதை எழுதினாலும் இத்தனை கடிதங்கள் வந்ததில்லை. என்னைத் திட்டுவதற்காகவே ஒருவர் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறார். ஆசிரியருக்கு ஏக மகிழ்ச்சி. இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டார்.

கேள்வி: அம்மா, நீங்கள் எண்பதுகளில் பார்த்த டிஸ்னிலேண்டையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். எதை மாற்றினாலும் பழைய ரசிகர்களுக்குப் பிடிக்காது. அது பூங்காவா, அருங்காட்சியகமா? (சான் டியேகோ வாசகர்)

பதில்: அழவில்லை, ஐயா. முணுமுணுக்கிறேன். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

கலிஃபோர்னியாவின் அனஹைமில் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக் கட்டி 1955 ஜூலை 17 அன்று திறந்த பூங்கா அது. இது ஒருநாளும் கட்டி முடிக்கப்படாது என்று வால்ட் டிஸ்னியே சொல்லிவந்தார். திரைப்படம் வெளியாகிவிட்டால் அதில் பிறகு கை வைக்க முடியாது. பூங்காவில் எப்போது வேண்டுமானாலும் கை வைக்கலாம். அவருக்கு இந்த வேலையில் இருந்த ருசியே அதுதான். ஆகவே ‘எதையும் தொடாதே’ என்று சொல்பவர்கள் அவருடைய கட்சியில்லை.

டுமாரோலேண்ட் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் அவர்கள் காட்ட நினைத்த ‘நாளை’ 1986. நான் முதன்முதலில் உள்ளே போனபோது ஏறக்குறைய அந்த நாளை வந்தேவிட்டது, ஆனால் அவர்கள் வரைந்துவைத்த மாதிரி இல்லை. நிலவுக்குப் போகும் ராக்கெட் காட்சி ஒன்று இருந்தது. 1969இல் மனிதர்கள் உண்மையாகவே நிலவில் இறங்கிவிட்டதால், 1975இல் அதையே செவ்வாய்ப் பயணமாக மாற்றினார்கள். வேறு வழி? மான்சான்டோ நிறுவனம் அமைத்த பிளாஸ்டிக் ‘எதிர்கால வீடு’ 1957இல் வந்து பத்தாண்டு நின்றது. அதை ஒரே நாளில் இடித்துத் தள்ளிவிடலாம் என்று இரும்புக் குண்டைக் கொண்டுவந்தார்கள். குண்டு சுவரில் மோதிவிட்டுத் திரும்பிவந்தது. அப்புறம் அறுத்து அறுத்து எடுக்க இரண்டு வாரம் ஆயிற்று. எனக்கு மிகவும் பிடித்த டிஸ்னிலேண்ட் வரலாறு இதுதான். அந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை.

எனவே மாற்றம் என்பதற்காக எனக்குக் கோபம் வருவதில்லை. எடுத்த பொருளுக்குச் சமமான பொருளை வைத்தார்களா என்று மட்டும் பார்ப்பேன். வரிசை விஷயம் தனி. அதைப் பிறகு சொல்கிறேன்.

கேள்வி: ஸ்பிளாஷ் மவுண்டனில் ‘பாதி சரி’ என்றீர்கள். மீதிப் பாதியில் என்ன குறை? என் மகளுக்கு டியானா என்றால் உயிர். (ஃபிரீமாண்ட் வாசகி)

பதில்: உங்கள் மகள் ரசிக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்’ என்ற டிஸ்னி படத்தின் நாயகி அவள். அந்தச் சவாரியில் அவளுடைய இயந்திரப் பொம்மையைப் பார்த்தீர்களா? கண் அசைவு, கழுத்துத் திருப்பம், விரல்களின் நளினம் எல்லாம் அசல் மனுஷிதான். பொம்மை செய்கிற கலையில் அவர்கள் எங்கோ போய்விட்டார்கள்.

மாற்றவேண்டியதற்கான காரணமும் நியாயமானது. பழைய சவாரி 1946இல் வந்த ஒரு படத்தின் முயல் கதைகளை வைத்து 1989இல் கட்டப்பட்டது. அந்தப் படம் கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காகப் பலத்த கண்டனம் பெற்றது. அமெரிக்காவில் அதை வீட்டில் பார்க்கும் வீடியோவாக நிறுவனமே ஒருபோதும் வெளியிடவில்லை. காட்டவே கூசுகிற படத்தின் கதைக்கு ஒரு மலையையே கட்டி நிறுத்தியிருப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்? அனஹைமில் 2023 மே 31 அன்று மூடி, 2024 நவம்பர் 15 அன்று புதியதைத் திறந்தார்கள். டோக்கியோவில் மட்டும் பழையது இன்னும் ஓடுகிறது.

‘புனிதமான பழைய ஸ்பிளாஷ் மவுண்டன்’ என்று உருகுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதில் பாடிய பொம்மைகளில் பல, 1974 முதல் 1988 வரை ‘அமெரிக்கா சிங்ஸ்’ என்ற வேறு அரங்கில் பாடிக்கொண்டிருந்தவை. அந்த அரங்கை மூடி, பொம்மைகளைத் தூக்கிவந்து முயலுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வைத்தார்கள். அப்போதும் யாராவது என்னைப்போல் முணுமுணுத்திருப்பார்கள்.

குறை கதையில்தான் இருக்கிறது. பழைய சவாரியில் முயல் பிடிபட்டுவிடும். படகு மேலே ஏற ஏற, தலைக்கு மேல் இரண்டு கழுகுகள் உட்கார்ந்து உங்களைக் கேலி செய்யும். உச்சியிலிருந்து விழும்போது, முள்புதருக்குள் வீசப்படுவது முயல் மட்டுமில்லை, நீங்களும்தான். முயல் விரும்பியதும் அதே புதரைத்தான் என்பது கீழே வந்த பிறகு புரியும். ஐம்பதடி வீழ்ச்சிக்கு ஒரு காரணம் இருந்தது. புதியதில் டியானா ஒரு விருந்துக்கு இசைக்கலைஞர்களைத் தேடுகிறாள். கிடைத்துவிடுகிறார்கள். கிடைக்காமல் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. டியானாவின் படத்தில் இருந்த மந்திரவாதி வில்லனைக் காணோம். உங்களை மந்திரத்தால் சின்னதாக்கிவிட்டார்கள், பழைய அளவுக்குத் திரும்பவேண்டும், அதற்காக விழுகிறீர்கள். அவ்வளவுதான். பயமில்லாத கதையில் அலறல் மட்டும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

கேள்வி: கடற்கொள்ளையர் சவாரியில் பெண்களை ஏலம் விடும் காட்சியை எடுத்துவிட்டார்கள். கொள்ளைக்காரன் நல்லவனாக நடந்துகொள்ள வேண்டுமா? எல்லாவற்றையும் கழுவித் துடைத்தால் சுவாரசியம் எங்கே? (டல்லாஸ் வாசகர்)

பதில்: கொள்ளைக்காரன் கெட்டவனாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் காட்சி அவன் கெட்டவன் என்று காட்டவில்லை. ‘மணப்பெண் வாங்கலையோ’ என்று எழுதிவைத்து நம்மைச் சிரிக்கச் சொன்னது. அழுகிற பெண்கள் கயிற்றில் கட்டப்பட்டு நிற்க, படகில் இருந்த எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்த பேத்தி “அவங்க ஏன் அழறாங்க?” என்று கேட்டபோது, அடுத்த காட்சி சீக்கிரம் வந்தால் தேவலை என்றிருந்தது.

மாற்றத்தில் நல்லது கெட்டது இரண்டையும் இந்த ஒரே சவாரியில் பார்க்கலாம். 1967 மார்ச்சில் திறந்தது அது. அதன் வேலைகளைக் கவனித்துவந்த வால்ட், மூன்று மாதம் முன்புதான், 1966 டிசம்பரில் இறந்திருந்தார். முதலில் அதை நடந்து பார்க்கும் மெழுகுச் சிலைக் கூடமாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகுகள் கூட்டத்தைச் சளைக்காமல் ஏற்றி இறக்கியதைக் கண்டபின் இதையும் படகுச் சவாரியாக்கினார்கள். பிறப்பதற்கு முன்பே மாறிய சவாரி!

1997இல் ஒரு மாற்றம் செய்தார்கள். பெண்களைத் துரத்திக்கொண்டு ஓடும் கொள்ளையர்களை, பெண்கள் கையிலுள்ள சாப்பாட்டுத் தட்டுக்காகத் துரத்துகிறவர்களாக்கினார்கள். அது கோழைத்தனமான வேலை. பார்ப்பவருக்கு எது மறைக்கப்பட்டது என்று உடனே தெரியும். 2018இல் செய்தது வேறு தரம். ஏலத்தில் நின்ற அந்தச் சிவப்புக் கூந்தல்காரியையே துப்பாக்கியோடு ஒரு கொள்ளைக்காரியாக்கி, ஊர்க்காரர்களின் பண்டங்களை ஏலம் விடும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். காட்சி இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது. இப்போது அவள்தான் அநியாயம் செய்கிறாள். இதைக் கழுவித் துடைத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

2006இல் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படங்களின் நாயகன் ஜாக் ஸ்பாரோவை மூன்று இடத்தில் நுழைத்ததைப் பற்றிக் கேட்டிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் சண்டைக்கு வந்திருப்பேன். படத்துக்குப் பெயர் கொடுத்த சவாரி, படத்துக்கே விளம்பரப் பலகையானது. ஆனால் நீங்கள் அதைக் கேட்கவில்லை.

கேள்வி: சரி, எதுவுமே உங்களைப் புண்படுத்தவில்லையா? எந்த மாற்றத்தை நீங்கள் மன்னிக்கவே மாட்டீர்கள்? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்: வரிசையை விற்றதை.

இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் உள்ளே நுழையப் பெரியவர்களுக்கு ஒரு டாலர்; ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் காசு. சில மாதங்களில் டிக்கெட் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள்; 1959இல் மாட்டர்ஹார்ன் மலையும் நீர்மூழ்கியும் மோனோரெயிலும் வந்தபோது ஈ வரை போயிற்று. ஈ சீட்டு என்றால் பெரிய சவாரி. புத்தகத்தில் அது கொஞ்சம்தான் இருக்கும். அதைச் செலவழித்துவிட்டால் மிச்சமிருக்கும் ஏ சீட்டுக்குக் குதிரை ராட்டினம், மெயின் ஸ்ட்ரீட் குதிரை வண்டி என்று போவார்கள். கூட்டம் தானாகவே பூங்கா முழுவதும் பரவியது. பல வீடுகளின் மேஜை இழுப்பறைகளில் செலவாகாத ஏ சீட்டுகள் வருடக்கணக்கில் கிடந்தன. 1982இல் புத்தகத்தை எடுத்துவிட்டு, ஒரே சீட்டில் எல்லாச் சவாரியும் என்று ஆக்கினார்கள். எல்லோரும் பெரிய சவாரிகளுக்கு ஓடினார்கள். வரிசை நீண்டது.

நான் போகத் தொடங்கியது இந்தக் காலத்தில். நீண்ட வரிசைதான், ஆனால் ஒரே வரிசை. மருத்துவரும் தோட்டக்காரரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கட்டியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. 1995இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் சவாரிக்குப் போகும் வழியே ஒரு குகைக்கோயில்; சுவரெழுத்தைப் படித்துக்கொண்டே மெதுவாக நகர்வது பாதிச் சவாரி.

1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. சவாரியின் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், இன்ன நேரத்துக்குத் திரும்பி வா என்று ஒரு தாள் வரும்; அதைக் காட்டித் தனி வரிசையில் சீக்கிரம் போகலாம். காசு கிடையாது. காலையில் சீக்கிரம் வந்தவனுக்கும், நடக்கச் சலிக்காதவனுக்கும் அது பரிசு. எனக்கு அதுகூட அவ்வளவு பிடிக்காது. என் வீட்டுக்காரர் நான்கு பேருடைய சீட்டையும் வாங்கிக்கொண்டு பூங்காவின் குறுக்கே ஓடுவதைப் பெரிய வீரசாகசமாக நினைத்தார். இருந்தாலும் அது எல்லோருக்கும் பொது. 2017இல் கைப்பேசியிலேயே அதை எடுக்கப் பத்து டாலர் என்று ஆரம்பித்தது. கொள்ளைநோய்க்காக 2020 மார்ச்சில் மூடி, 2021 ஏப்ரல் கடைசியில் திறந்தபோது இலவசத் தாள் போயே போய்விட்டது. அந்த டிசம்பரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் கட்டணமாக வந்தது. இப்போது லைட்னிங் லேன் என்கிறார்கள். 2024 அக்டோபரில், நேரம் குறிக்காமலே அந்தத் தனி வரிசையில் போக, பிரீமியர் பாஸ் என்று ஒன்று வந்தது. தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 டாலர், நுழைவுச் சீட்டு தனி. அதே மாதம் நுழைவுச் சீட்டும் நாளைப் பொறுத்து 104 டாலரிலிருந்து 206 டாலர் வரை ஆனது.

ஒரு சவாரி ஒரு மணி நேரத்தில் இத்தனை பேரைத்தான் ஏற்றும். அந்த எண்ணிக்கையைக் காசு கூட்டாது. இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் ஓர் ஊழியர் நிற்பார். அந்தப் பக்கம் ஒரு கூட்டத்தை விட்டுவிட்டு, இந்தப் பக்கம் சிலரை விடுவார். அந்த இடத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாயின் முகத்தைப் பாருங்கள். எந்தப் பொம்மையை வேண்டுமானாலும் மாற்றுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பொம்மையை மாற்றினால் சவாரி மாறும். இதனால் மாறியது பக்கத்தில் நிற்பவரோடு நமக்கிருந்த உறவு.

கேள்வி: ஆன்ட்டி, விமானத்தில் பிசினஸ் கிளாஸ் இல்லையா? இருப்பவர் கொடுக்கிறார். எனக்கு வருடத்துக்கு ஒரு நாள்தான் விடுமுறை கிடைக்கிறது. அதை வரிசையில் நின்று கழிக்கச் சொல்கிறீர்களா? (சான் ஹோசே, கணினித் துறை)

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி. உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. சட்டம் அப்படி வைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் உவமை பொருந்தவில்லை. பிசினஸ் கிளாஸில் இருப்பவர் பின்னால் இருப்பவர்களைவிட முன்னதாக டெல்லி போய்ச் சேருவதில்லை. இங்கே நீங்கள் வாங்குவது அகலமான இருக்கை இல்லை, இன்னொருவருடைய முறை. விற்கிறவர்களுக்கும் வரிசை நீளமாக இருந்தால்தான் சரக்கு போகும். வரிசையே இல்லாவிட்டால் யார் காசு கொடுப்பார்கள்? வரிசையைக் குறைக்கிற அக்கறை இனி அவர்களுக்கு எங்கிருந்து வரும் என்பதுதான் என் கவலை. பணக்காரர்களுக்கு வழிகாட்டி வைத்து அழைத்துப் போகும் வழக்கம் முன்பும் உண்டு. அது மூலையில் நடந்தது. இப்போது அதுவே நடைமுறை.

கேள்வி: நீங்கள் திரும்ப வரவேண்டும் என்று விரும்பும் பழைய சவாரி எது?

பதில்: பீப்பிள் மூவர். 1967இல் வந்தது, 1995இல் நிறுத்தினார்கள். டுமாரோலேண்டின் தலைக்கு மேலே நிதானமாக ஊர்ந்து போகும் சின்னச் சின்னப் பெட்டிகள். அதே தண்டவாளத்தில் 1998இல் ராக்கெட் ராட்ஸ் என்று வேகமான வண்டிகளை விட்டார்கள். மெதுவாகப் போவதற்குப் போட்ட பாதை. வளைவுகளில் சரிவு கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, மறுபடி கூட்டி, டயர் தேய்ந்து, 2000இலேயே நின்றுபோனது. அந்தப் பாதை இன்னும் அங்கேயே வெறுமையாக நிற்கிறது. ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் இதன் தம்பி ஒன்று 1975 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமை.

போனது திரும்பாது என்றும் இல்லை. ஹான்டட் மேன்ஷன் என்ற பேய்வீட்டுச் சவாரியில் தொப்பிப் பெட்டியைக் கையில் பிடித்த பேய் ஒன்று 1969இல் திறந்தபோது இருந்தது. கழுத்திலிருந்து தலை மறைந்து பெட்டிக்குள் தெரியவேண்டும். வித்தை சரியாக அமையாததால் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2015இல், வித்தை கைகூடிய பிறகு, கொண்டுவந்து வைத்தார்கள். ரசிகர்களின் முணுமுணுப்பு வீண் என்று யார் சொன்னது?

கேள்வி: ஃபுளோரிடாவில் ஆற்றையும் டாம் சாயர் தீவையும் மூடிவிட்டு கார் சவாரி கட்டுகிறார்கள். அந்தத் தீவில் ஒன்றுமே இல்லையே, போனால் என்ன? (ஒர்லாண்டோவில் இருபது வருடம் வசிப்பவர்)

பதில்: ஒன்றுமே இல்லாததுதான் அதன் பெருமை. அங்கே ஆறு 1971இல் பூங்கா திறந்தபோதே இருந்தது. தீவு 1973இல் வந்தது. 2025 ஜூலை 6 கடைசி நாள். வரிசை இல்லை, கட்டணப் பாதை இல்லை. குழந்தைகள் குகையில் ஓடுவார்கள், பெரியவர்கள் மர நிழலில் காலை நீட்டுவார்கள். ஏற்றி இறக்கிய தலைகளை எண்ணுகிற கணக்கேட்டில் தீவுக்கு மதிப்பெண் குறைவாகத்தான் வரும். ஆனால் பகல் ஒரு மணி வெயிலில், ஐந்து வயதுப் பிள்ளை அழத் தொடங்கும்போது, அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுவது வேகமான காரா, நிழலா?

அனஹைமிலும் ஸ்டார் வார்ஸ் பகுதிக்காக 2016இல் ஆற்றைச் சுருக்கினார்கள். நான் நிறையப் பயந்தேன். 2017 கோடையில் திறந்தபோது பார்த்தால், வடகரையில் பாறைகளும் அருவிகளும் வைத்து முன்பைவிட அழகாகச் செய்திருந்தார்கள். அனஹைமில் சுருக்கினார்கள், ஃபுளோரிடாவில் அழித்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசமாட்டேன்.

கேள்வி: வால்ட் டிஸ்னியையே இயந்திரப் பொம்மையாகச் செய்து நிறுத்தியிருக்கிறார்களே?

பதில்: 70ஆம் ஆண்டு நிறைவுக்காக 2025 ஜூலை 17 அன்று திறந்தது. அவருடைய பேத்தி ஒருவரே அதற்கு வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். அதே பூங்காவில் ஆபிரகாம் லிங்கன் பொம்மை எழுந்து நின்று பேசினால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அவரை நேரில் பார்த்தவர் யாரும் உயிரோடில்லை. மடியில் உட்கார்ந்து விளையாடிய பேத்தி இருக்கும்போது தாத்தாவை இயந்திரமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கைத்திறனில் குறை சொல்ல முடியாது. அடுத்த கேள்வி.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. முதல் தடவையாக அனஹைமுக்கு அழைத்துப் போகிறோம். லைட்னிங் லேன் வாங்கலாமா? (சாக்ரமெண்டோ வாசகி)

பதில்: உங்கள் அம்மாவுக்காக என்றால் வேண்டாம். அவருக்குப் பிடிக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையவே கிடையாது.

நுழைந்ததும் தலைக்கு மேலே ரயில் நிலையம். படி ஏறவேண்டாம், சக்கர நாற்காலிக்கு வசதியான நிலையம் எது என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பூங்காவைச் சுற்றிவரும் நீராவி ரயில் அது, 1955 முதல் ஓடுகிறது. வழியில் 1958இல் வைத்த கிராண்ட் கேன்யன் ஓவியக் காட்சியும், நியூயார்க் கண்காட்சியிலிருந்து வந்த டைனோசர்களும் உண்டு. அடுத்து ஆற்றில் சுற்றிவரும் மார்க் ட்வைன் கப்பல். வெயில் ஏறியபின் டிக்கி ரூம்: 1963இல் வந்த பாடும் பறவைகள், உட்கார்ந்தபடியே பார்க்கலாம், உள்ளே குளுகுளுவென்றிருக்கும். ஸ்மால் வேர்ல்டுக்குக் கட்டண வரிசை உண்டு, ஆனால் படகுகள் அடுத்தடுத்து வருவதால் பொது வரிசையும் ஓரளவு வேகமாக நகரும், காலையிலேயே போய்விடுங்கள்.

மலைச் சவாரிகள் வேண்டும் என்று உங்கள் பிள்ளைகள் அடம்பிடித்தால் அவர்களுக்கு மட்டும் வாங்குங்கள். அந்த நேரத்தில் நீங்களும் அம்மாவும் கப்பலில் இன்னொரு சுற்று போகலாம். மேல்தட்டில் இடம் பிடிக்க வேண்டாம், படிகள் செங்குத்து. கீழ்த்தட்டில் முன்பக்கத்து நாற்காலிகளைக் கேளுங்கள்.